ஒன்பதாம் கோர்ட்டின் சுருக்கெழுத்தர்

சிகாகோ
12 பிப்ரவரி 1940

அன்புள்ள எய்னார் அண்ணா,

பதினான்கு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதே. போட்டே தீருவதென்றால் படித்துவிட்டுப் போடு. யாக்கிமாவரைக்கும் மூன்று நாள் ரயிலேறி வருகிற காகிதம், அதற்காவது ஒரு மரியாதை வேண்டாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமைதோறும் ரேடியோவில் வருகிற 'ஒன்பதாம் கோர்ட்' நாடகத்தை எழுதுவது நான் என்று உனக்குத் தெரியும். நாட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது. அறிவிப்பாளர் "வழங்குவோர் வெண்புறா சோப்புத்தூள்" என்று மூன்று தடவை சொல்வார். வக்கீலாக நடிக்கும் பாரட் கோயிலின் பெயரை இரண்டு தடவை சொல்வார். எழுதினவள் பெயரைச் சொல்லும் வழக்கமே இல்லை. இரண்டு வருஷத்தில் தொண்ணூற்றெட்டுக் கொலை செய்து, தொண்ணூற்றெட்டையும் கண்டுபிடித்தவள் அநாமதேயம்.

இப்போது அதற்கும் ஆபத்து. சோப்புக் கம்பெனி ஆள் மிஸ்டர் லன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒஹையோவிலிருந்து ஒரு வக்கீல் என் நாடகத்தில் பதினொரு சட்டப் பிழை கண்டுபிடித்து எழுதியிருக்கிறாராம். "கோர்ட்டுங்கறது ஆம்பளைங்க சமாச்சாரம்மா. நியூயார்க்ல சட்டம் படிச்ச பையன் ஒருத்தன் கிடைச்சிருக்கான். மார்ச் ஏழோட நீங்க நிறுத்திக்கலாம்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. மார்ச் ஏழாம் தேதி நாடகத்தில் ஒரு பிழைகூட இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "ஒண்ணு கூட இல்லாம முடிச்சுக் காட்டுங்க, நாடகம் உங்களுக்கே" என்றார். பக்கத்திலிருந்த டைரக்டரைச் சாட்சியாக வைத்து, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எதற்கும் சாட்சி கேட்கிற அப்பாவின் மகள்தானே நான்.

நீ பத்தொன்பது வருஷமாகச் சாட்சிக் கூண்டின் காலடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் எழுதுகிறவன். ஒஹையோ வக்கீலைவிட உனக்குக் கோர்ட் தெரியும். பிரதியை அனுப்பினால் படித்துப் பார்ப்பாயா? என்மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் தங்கை
வெர்னா


யாக்கிமா, வாஷிங்டன்
17 பிப்ரவரி 1940

மிஸ் வெர்னா ஹால்டர்சன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. அடுப்பு அணைந்திருந்தது.

என்ன கோபம் என்று தெரியாது என எழுதியிருக்கிறீர்கள். தெரிவிக்கிறேன். 1938 டிசம்பரில் தங்கள் நாடகத்தில் 'தூங்குமூஞ்சி ஆல்வின்' என்றொரு சுருக்கெழுத்தர் வந்தார். விசாரணை நடுவில் குறட்டை விட்டார். ஜட்ஜ் சுத்தியலால் தட்டினார். அரங்கமே சிரித்ததாம். மறுநாள் காலையில் எங்கள் கோர்ட் குமாஸ்தா புரூயிட் வாசலிலேயே என்னை நிறுத்தி, "வாங்க ஆல்வின், ராத்திரி தூக்கம் பத்துச்சா?" என்றார். அன்றிலிருந்து இந்தக் கட்டிடத்தில் எனக்கு வேறு பெயர் இல்லை. போன மாதம் ஆப்பிள் திருடிப் பிடிபட்ட ஒருவன், தண்டனை வாங்கிக்கொண்டு போகிற போக்கில், "வரேன் ஆல்வின்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் கோர்ட்டில் ஒரு நாள் தூங்கியது உண்மை. அதை மாமா மகள் சோல்வெய்க் வேடிக்கையாகத் தங்களுக்கு எழுதியதும் தெரியும். ஏன் தூங்கினேன் என்பது அவளுக்கும் தெரியாது. அது அம்மாவின் கடைசி வாரம். ஒன்பது ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் முகம் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் சுருக்கெழுத்தர் நான் ஒருவன்தான். பத்தாம் நாள் பேனா கையிலிருந்து விழுந்தது. ஜட்ஜ் மேடக்ஸ் சுத்தியலால் தட்டவில்லை. கால் மணி நேரம் விசாரணையை நிறுத்திவைத்து, என்னைத் தூங்கவிட்டார். தங்களிடமிருந்து அப்போது ஒரு தந்தி வந்தது. 'வேலையை விட்டு வர முடியவில்லை' என்று.

அதைத்தான் சோப்புத்தூள் விற்கப் பயன்படுத்தினீர்கள்.

தங்கள் நாடகத்தை நான் கேட்பதில்லை. ஆனால் போன வியாழக்கிழமை உங்கள் வக்கீல், தான் கூப்பிட்ட சாட்சிக்குத் தானே பதிலைச் சொல்லிக்கொடுத்துக் கேள்வி கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஊரிலும் இது நடக்காது. அதற்கு முந்தின வாரம் ஜூரி பன்னிரண்டு பேரில் பத்தே பேர்தான் பதில் சொன்னார்கள், எண்ணிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள். இதையெல்லாம் நீ யாரையாவது கேட்டு எழுதியிருக்கலாம்.

எய்னார் ஹால்டர்சன்


சிகாகோ
21 பிப்ரவரி 1940

அண்ணா,

உன் கடிதத்தை ஸ்டுடியோ படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

எனக்குத் தெரியாது என்பது சாக்கு இல்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த வாரம் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஊருக்குப் போனால் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார் என்று பயந்தேன். அம்மா இன்னும் ஒரு மாதமாவது இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்திருக்க வேண்டும், அண்ணா. நான் வரவில்லை. நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு உன்னையே வைத்து ஊரைச் சிரிக்கவைத்தேன். எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க முடியாது. மூன்று கோடிப் பேர் கேட்கிற பெட்டியில் பேசிவிட்டுக் காகிதத்தில் மன்னிப்புக் கேட்பது எனக்கே கேவலமாக இருக்கிறது.

பிரதியை இத்துடன் வைக்கிறேன். உதவி செய் என்று இப்போது கேட்கிற தைரியம் இல்லை. படித்தாலும் சரி, அடுப்பு எரிந்தாலும் சரி.

கதை இதுதான். ஒரு கிழவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொல்லப்படுகிறார். ஏழு மணிக்கு அவருக்குப் புத்தகம் படித்துக்காட்ட வந்த பெண்ணைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறார்கள். கிழவரின் அண்ணன் மகன், "ஆறு மணிக்கு நானும் அவரும் ஐஸ் போட்ட டீ குடிச்சோம், நல்லாத்தான் இருந்தார்" என்று சாட்சி சொல்கிறான். அப்புறம் வீடு வீடாக ஐஸ்கட்டி போடும் ஐஸ்காரர் கூண்டில் ஏறுகிறார். அந்த வீட்டு ஐஸ் பெட்டி ஒழுகித் தரை கெட்டுப்போனதால், வெள்ளிக்கிழமை முதல் ஐஸே போடவில்லை, பெட்டியைக் காயவைத்திருந்தார்கள் என்கிறார். ஆறு மணிக்கு ஐஸ் டீ இல்லை என்றால், ஆறு மணிக்குக் கிழவரும் இல்லை. பொய் உடைகிறது.

நாடகத்தை ஒரே நாளில் இரண்டு தடவை நடிப்போம். ஏழு மணிக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு, மறுபடி பத்து மணிக்கு உங்கள் மேற்குக் கரைக்கு. உங்கள் கடிகாரத்தில் எட்டு மணி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்கம்போலச் சத்தமாக வைப்பார்கள் என்று நம்புகிறேன்.

வெர்னா


யாக்கிமா
26 பிப்ரவரி 1940

வெர்னா,

படித்தேன். பதினான்கு இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். ஒஹையோ வக்கீல் பதினொன்றுதான் கண்டுபிடித்தார் என்றால் அவர் சரியாகக் கேட்கவில்லை.

ஐஸ்காரர் நல்ல சாட்சி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார். இப்படிப்பட்ட சாட்சி எனக்கு வருஷத்துக்கு ஒருவர் கிடைத்தால் அதிகம். அண்ணன் மகன் முதல் கேள்விக்கே வேர்த்துக் கொட்டுகிறான். அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். பொய் சொல்கிறவர்கள் முதலில் தெளிவாகத்தான் பேசுவார்கள். திக்கித் திணறுகிறவன் பெரும்பாலும் உண்மை சொல்கிறவன்.

ஆனால் உன் கோர்ட்டில் பெரிய ஓட்டை வேறு. பிரதியில் ஆல்வின் இல்லை, துரத்திவிட்டாய், சரி. அவனுக்குப் பதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இத்தனை வாரத்தில் ஒரு தடவையாவது யாராவது 'பதிவைப் படியுங்கள்' என்று கேட்டார்களா? உன் ஆட்கள் கத்துகிறார்கள், மேஜையைக் குத்துகிறார்கள், ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்க ஆளே இல்லை. எழுதாத கோர்ட் சந்தைக்கடை.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன், எப்போதாவது உதவும். வக்கீல்கள் இருவரும் 'அவர் அப்படிச் சொன்னார், சொல்லவில்லை' என்று மல்லுக்கு நிற்கும்போது ஜட்ஜ் என் பக்கம் திரும்புவார். நான் எழுந்து படிப்பேன். 'கேள்வி' என்று சொல்லிக் கேள்வியைப் படிக்க வேண்டும், 'பதில்' என்று சொல்லிப் பதிலைப் படிக்க வேண்டும். குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. சாட்சி அழுதுகொண்டே சொல்லியிருந்தாலும் மளிகைச் சீட்டுப் படிப்பதுபோலத்தான் படிக்க வேண்டும். கத்தும்போது கேட்காத ஜூரி, அப்போது கேட்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் சாட்சியத்தை ஒரு தடவை அப்படிப் படித்தேன். குரல் ஆடவில்லை. படித்து முடித்தபோது கோர்ட்டில் ஈ பறந்தால் கேட்கும்.

தந்தி விஷயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் நீ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாய் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

எய்னார்

பி.கு. 'நீதிபதி சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார்' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. ஜட்ஜ் மேடக்ஸிடம் கேட்டேன். பதினாறு வருஷத்தில் மூன்று தடவை தட்டியிருக்கிறாராம், அதில் ஒன்று வௌவாலை விரட்ட.


சிகாகோ
7 மார்ச் 1940, மாலை 7.50

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதல் நாடகம் முடிந்து இருபது நிமிஷம் ஆகிறது. மேற்குக்கு நடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் மைக்கின் முன்னால் பிரதியின் தாள்களைத் தனித்தனியாகக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தாள் முடிந்ததும் சத்தம் கேட்காமல் தரையில் நழுவவிடுவார்கள். பாரட் கோயில், அந்த மகா வக்கீல், தொடங்குவதற்கு முன்னால் சர்க்கரைப் பாகு தடவின டோநட் ஒன்றைத் தின்றுவிட்டு, கையைத் துடைக்காமல் தாளை எடுத்திருக்கிறார். பதினான்கு, பதினைந்து, பதினாறு மூன்றும் ஒட்டிக்கொண்டன. பதின்மூன்றை நழுவவிட்டார். அடுத்து மூன்றும் ஒன்றாக விழுந்தன. அவர் பதினேழாம் பக்கத்துக்குப் போய் இடி முழங்கினார்: "ஐஸ்காரர் அவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் அந்த டம்ளர்ல ஐஸ் இருந்துச்சுன்னு சாதிக்கிறீங்களா?"

எந்த ஐஸ்காரர்? ஐஸ்காரராக நடிப்பவர் மைக்குக்குப் போகவே இல்லை, வாயைத் திறந்தபடி நின்றார். துப்பு மொத்தமும் தரையில் கிடந்தது. மூன்றரை நிமிஷம் வேறு குறைகிறது. கண்ணாடி அறையில் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் லன், பென்சிலும் தாளுமாக, பிழை எண்ணுவதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. என் பிரதியின் ஓரத்தில் 'நேற்றைய சாட்சியத்தைச் சுருக்கெழுத்தர் படிக்கட்டும்' என்று எழுதி, ஜட்ஜாக நடிக்கும் கிழவர் டில்லியின் மூக்குக்குக் கீழே நீட்டினேன். நாற்பது வருஷம் மேடை ஏறினவர், கண் சிமிட்டவில்லை. "ஐஸ்காரர் நேத்து என்ன சொன்னார்னு ஜூரிக்கு ஞாபகம் இருக்கணும். சுருக்கெழுத்தர் படிக்கட்டும்" என்றார். நான் மைக்குக்குப் போனேன். அதோடு விட்டாரா மனிதர்? சொந்தமாக ஒன்றைச் சேர்த்தார். "பேரைச் சொல்லுங்கம்மா, பதிவுல ஏறணும்."

எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. "வெர்னா ஹால்டர்சன்" என்றேன்.

அப்புறம் நீ சொன்னபடி படித்தேன். கேள்வி: அந்த வீட்டுக்குக் கடைசியாக எப்போது ஐஸ் போட்டீர்கள்? பதில்: வியாழக்கிழமை. கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் ஐஸ் இருந்திருக்குமா? பதில்: பெட்டியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மளிகைச் சீட்டு மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல். அரங்கத்தில் முந்நூறு பேர், ஒருவர் இருமவில்லை. நான் முடித்ததும் அண்ணன் மகனாக நடிக்கிற பையன் உண்மையாகவே அழுதபடி குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒத்திகையில் ஒரு நாளும் அவன் அப்படி நடித்ததில்லை. நொடி பிசகாமல் நேரத்துக்கு முடித்தோம்.

லன் இறங்கி வந்தார். "பக்கம் மாறினது பிழைதானே?" என்றார்.

"கேட்டவங்க யாருக்காவது தெரிஞ்சுதா சார்? கோர்ட்ல நிரூபணம் வேணும்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் தொலைபேசிப் பெண் ஓடி வந்தாள். யார் அந்தச் சுருக்கெழுத்தர் என்று ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்களாம். லன் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு, "பத்து மணிக்கும் இதே மாதிரி செய்யுங்க" என்றார். கோயில், தேவைப்பட்டால் இன்னொரு டோநட் சாப்பிடத் தயார் என்கிறார்.

செய்கிறேன் என்றேன். ஆனால் மேற்குக்கு நடிக்கும்போது ஜட்ஜ் என்னிடம் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்பதை நானே எழுதுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். இதோ எழுதப் போகிறேன். நீ கேட்பாயோ மாட்டாயோ.

வெர்னா


தந்தி
சிகாகோ, 9 மார்ச் 1940

இன்னும் ஐம்பத்திரண்டு வாரம் நாடகம் எனக்கே. இனி ஒவ்வொரு வாரமும் எழுதியவர் வெர்னா ஹால்டர்சன் என்று அறிவிப்பார்கள். ஒஹையோ வக்கீல் தந்தி. வானொலியில் முதல் ஒழுங்கான கோர்ட் என்கிறார். நீ கேட்டாயா. வெர்னா.


யாக்கிமா
11 மார்ச் 1940

அன்புள்ள தங்கை வெர்னாவுக்கு,

கேட்டேன். பக்கத்து வீட்டில் அல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் ஜட்ஜ் மேடக்ஸ், சுத்தியல் விஷயத்தைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, தன் அறை ரேடியோவுக்கு எல்லாரையும் கூப்பிட்டார். புரூயிட், காவலர், இரண்டு வக்கீல்கள், தரை துடைக்கிற மிஸஸ் ஓகார்டு. காபியும் ஆப்பிள் பலகாரமும் இருந்தன. நான் கதவோரமாக நின்றேன். ஆல்வின் மறுபடி வந்தால் சட்டென்று வெளியே போய்விட வசதியாக இருக்கட்டுமென்று.

ஐஸ்காரர் இடம் வந்தது. ஜட்ஜ் குரல், சுருக்கெழுத்தர் படிக்கட்டும் என்றது. புரூயிட் என்னைப் பார்த்து இளித்தார். அப்புறம் உன் குரல் வந்தது. நீ உன் காதால் கேட்டிருக்க மாட்டாய், நான் எழுதுகிறேன். அங்கேயே, ஜட்ஜின் மேஜையில் கிடந்த உறையின் பின்புறத்தில், பழக்கதோஷத்தில் எடுத்த குறிப்பு இது. ஒரு வார்த்தை மாறவில்லை.

கேள்வி: இந்தக் குறிப்பை எடுத்தது யார்?

பதில்: யாக்கிமா எய்னார் ஹால்டர்சன். பத்தொன்பது வருஷமா எடுக்கறார். நான் அவர் தங்கச்சி, படிக்க மட்டும் வந்திருக்கேன்.

கேள்வி: அவர் ஏன் வரல?

பதில்: ஒன்பது ராத்திரி எங்க அம்மா பக்கத்துல கண் முழிச்சு உக்காந்திருந்தார். நான் போகல. இன்னைக்கு அவரைத் தூங்க விட்டிருக்கோம்.

கேள்வி: நல்லா தூங்கட்டும்மா. கோர்ட் காத்திருக்கும்.

கடைசியில் இருப்பது கேள்வி இல்லைதான். ஜட்ஜ் பேசினதால் அந்த இடத்தில் எழுதிவிட்டேன்.

மிஸஸ் ஓகார்டு ஏப்ரன் துணியால் மூக்கைத் துடைத்தாள். ஜட்ஜ் மேடக்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போகவில்லை. உன் ஐஸ் சாட்சியம் முழுவதையும் அங்கேயே நின்று கேட்டேன். நன்றாகப் படித்தாய். இரண்டு இடத்தில் வேகம் கூடியது, மற்றபடி பிழை இல்லை. புரூயிட் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினார். அவரிடமிருந்து அது மன்னிப்புக் கேட்பதற்குச் சமம். ஆப்பிள் பலகாரத்தில் பெரிய துண்டும் எனக்குத்தான் வந்தது.

தந்தி சனிக்கிழமை வந்தது. தபால்காரர் அதைத் தெருவிலேயே சத்தமாகப் படித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வாரம். அம்மா இருந்திருந்தால் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருப்பாள்.

இன்று காலை கோர்ட்டுக்குப் போனேன். புரூயிட் வாசலில் நின்றிருந்தார். "வாங்க மிஸ்டர் ஹால்டர்சன்" என்றார். அவ்வளவுதான், ஆனால் காவலர் காதில் விழும்படி சொன்னார்.

பதினொரு மணிக்கு ஒரு குதிரை வழக்கு. வக்கீல்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள். ஜட்ஜ் என் பக்கம் திரும்பி, "சுருக்கெழுத்தர் படிக்கட்டும்" என்றார். இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். இன்று பார்வையாளர் வரிசை மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசையில் ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், "இவருதான், ரேடியோக்காரி அண்ணன்" என்றாள். நான் எழுந்தேன். 'கேள்வி' என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. ஜட்ஜ் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். அப்புறம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குதிரைக்கு எத்தனை பல் என்பதைப் படித்து முடித்தேன்.

கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் வேலை. அதனால் பதிவில் அதையும் எழுதிவிட்டேன்: 'இங்கே சுருக்கெழுத்தர் சற்று நேரம் பேச முடியாமல் நின்றார். காரணம், சந்தோஷம்.'

உன் அண்ணன்
எய்னார்